கை, மணிக்கட்டுப் பரிசோதனை: நோயாளி சொல்வதிலிருந்து காரணம் வரை

பார், தொடு, அசை, அப்புறம் சிறப்புச் சோதனைகள். கைப் பரிசோதனையை இந்த வரிசையில்தான் எல்லோரும் படித்திருப்போம். தேர்வுக்கு அது சரி. ஓ.பி.யில் எதிரே வந்து உட்காருகிறவர் அந்த வரிசையில் பேசுவதில்லை. "ராத்திரி கை மரத்துப்போய் எழுந்துக்கிறேன்" என்பார். "விரல் மடக்கினா மாட்டிக்குது" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்கு எப்படிப் போவது என்பதுதான் இங்கே. ஹவுஸ் சர்ஜன்கள், குடும்ப மருத்துவர்கள், பிசியோதெரபி மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

என்ன புகாராக இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கை தன் குறையை மறைத்துக்கொள்ளும். ஒரு தசை செயலிழந்தால் பக்கத்துத் தசை அந்த வேலையை எடுத்துச் செய்துவிடும். "விரலை மடக்குங்க" என்றால் மடக்கிக் காட்டுவார். உள்ளே இரண்டு தசைநாண்களில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) ஒன்று அறுந்திருக்கும். ஆகவே அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உதவிக்கு வரக்கூடிய தசையை முதலில் தடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வரும் சோதனைகளில் பல இந்த ஒரே யோசனையில் பிறந்தவை.

மூட்டுகளின் பெயரை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நகத்துக்குப் பக்கத்தில் இருப்பது நுனிமூட்டு, அடுத்தது நடுமூட்டு, உள்ளங்கையோடு விரல் சேரும் இடம் அடிமூட்டு.

தொடுவதற்கு முன்

இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல்வரை திறந்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். வலிக்கிற கையை மட்டும் பார்ப்பது பாதிப் பரிசோதனை. மற்றக் கைதான் அந்த மனிதருக்கான அளவுகோல். வளையல், வாட்ச், கயிறு எல்லாம் கழற்றட்டும். கை வீங்கியிருந்தால் மோதிரத்தை அந்த நிமிடமே கழற்ற வேண்டும். சோப்புத் தண்ணீருக்கு வராவிட்டால் வெட்டி எடுங்கள், தங்கம் என்று தயங்க வேண்டாம்.

உள்ளங்கை மேலே பார்க்கக் கையைத் தளர்வாக விட்டால், விரல்கள் தாமாகவே கொஞ்சம் மடங்கி இருக்கும். ஆள்காட்டி விரல் குறைவாக, சுண்டு விரல் அதிகமாக, படிப்படியாக. ஒரு விரல் மட்டும் அந்த வரிசையிலிருந்து விலகி நேராக நீட்டிக்கொண்டிருந்தால், மடக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது என்று எண்ணித்தான் மேலே போக வேண்டும். அடுத்து மெதுவாகக் கையை மூடச் சொல்லுங்கள். மடங்கிய விரல்களின் நுனிகள் எல்லாம் கட்டைவிரல் மேட்டின் அடிப்பக்கத்தை நோக்கும். ஒன்று மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறினால் எலும்பு முறிந்து திருகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் லேசான முறிவாகத் தெரிந்தாலும் அந்தத் திருகலைச் சரிசெய்யாமல் விடக் கூடாது.

எந்தக் கைப் பழக்கம், என்ன வேலை, எப்போதிலிருந்து என்று கேட்டுவிட்டு, "வலிக்கிற இடத்தை ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். ஒரு புள்ளியைக் காட்டுகிறாரா, உள்ளங்கையால் மொத்தமாகத் தடவிக் காட்டுகிறாரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

"கை மரத்துப் போகுது"

கை ஓ.பி.யில் அடிக்கடி கேட்கும் புகார் இது. முதல் கேள்வி: எந்த விரல்கள்? பெரும்பாலானோர் "எல்லா விரலும்தான்" என்பார்கள். அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, கேட்டு, மோதிர விரலுக்கு வரும்போது நின்றுவிடுங்கள். அந்த விரலின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகத் தொடுங்கள். நடுவிரல் பக்கம் மரத்து, சுண்டுவிரல் பக்கம் சரியாக இருந்தால் மீடியன் நரம்பு (மணிக்கட்டின் நடுவே வருவது). அதற்கு நேர்மாறாக இருந்தால் அல்னர் நரம்பு (சுண்டுவிரல் பக்கமாக வருவது). விரல் முழுவதும் ஒரே மாதிரி மரத்திருந்தால் கழுத்து நரம்பு வேரையும் சந்தேகப்படுங்கள். ஒரு பஞ்சுத் துணுக்கு போதும், அரை நிமிட வேலை.

மீடியன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டிலுள்ள குறுகிய சுரங்கத்துக்குள் அந்த நரம்பு நசுங்குவது. தூக்கத்தில் விழிப்பு வந்து கையை உதறுவார்கள்; "என்ன செய்தால் குறைகிறது?" என்று கேட்டால் உதறிக் காட்டவே செய்வார்கள். அந்த உதறலே நல்ல அடையாளம். நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பம், முடக்குவாதம் இருக்கிறதா என்று கேளுங்கள். மணிக்கட்டை முழுதாக மடக்கி 60 விநாடி வைத்திருப்பது ஃபேலன் சோதனை. மணிக்கட்டின் உட்புறத்தில் சுரங்கத்தின்மேல் இரண்டு கட்டைவிரல்களாலும் 30 விநாடி அழுத்துவது டர்கன் சோதனை. மணிக்கட்டு விறைத்து மடங்காதவர்களுக்கும் செய்யலாம் என்பதால் எனக்கு டர்கன்மேல்தான் நம்பிக்கை அதிகம். இரண்டிலும் வலியை எண்ணாதீர்கள். அதே விரல்களில் அதே மரமரப்பு வர வேண்டும்.

இன்னொரு இடத்தையும் கட்டாயம் தொடுங்கள்: கட்டைவிரல் மேட்டின் தோல். அந்தத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்கு மேலேயே மீடியன் நரம்பிலிருந்து பிரிந்து சுரங்கத்துக்கு வெளியே வருகிறது. ஆகவே கார்ப்பல் டனலில் விரல்கள் மரத்தாலும் மேட்டின் தோலில் உணர்ச்சி இருக்கும். அதுவும் மரத்திருந்தால் அடைப்பு மணிக்கட்டில் இல்லை. முன்கையிலோ கழுத்திலோ தேடுங்கள். மணிக்கட்டில் ஆபரேஷன் செய்தும் மரமரப்பு போகாத நிலை இந்த இடத்தைத் தொடாமல் விடுவதாலும் வரலாம்.

வலுவைப் பார்க்கும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. "கட்டைவிரலால் சுண்டு விரலைத் தொடுங்க" என்றால், மேட்டுத் தசை முழுதும் வற்றிப்போனவர்கூட கட்டைவிரலை உள்ளங்கைமேல் வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டுவிடுவார். நகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். சரியாகச் செயல்படும் கையில் கட்டைவிரல் எழுந்து திரும்பி, விரல் சதையும் சதையும் எதிரெதிராகச் சேரும். வழுக்கி வருகிற விரல் பக்கவாட்டில்தான் போய் ஒட்டும். இதைவிட நம்பகமானது: புறங்கை மேசையில் படியட்டும், கட்டைவிரலை நேராகக் கூரையைப் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள், நீங்கள் கீழே அழுத்துங்கள், உங்கள் மற்றொரு விரல் மேட்டுத் தசையின்மேல் இருக்கட்டும். விரல் தூக்குகிறது, ஆனால் தொடும் இடத்தில் தசை இறுகவில்லை என்றால் வேறொரு தசை தூக்குகிறது என்று அர்த்தம்.

சரி, சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்திருக்கிறது. அல்னர் நரம்பு. எங்கே கெட்டிருக்கிறது? கையைத் திருப்பி, புறங்கையில் சுண்டுவிரல் பக்கத் தோலைத் தொடுங்கள். அதற்கான கிளை மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுகிறது. புறங்கையும் மரத்திருந்தால் கோளாறு மேலே, பெரும்பாலும் முழங்கையில். புறங்கை சரியாக இருந்தால் மணிக்கட்டில். மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உட்பக்கத்துக்கும் ஏறினால் அல்னர் நரம்பை விட்டுவிட்டுக் கழுத்துக்குப் போங்கள். முன்கைத் தோல் அதன் எல்லைக்குள் இல்லை.

அல்னர் நரம்பின் வலுவுக்கு ஒரு செய்தித்தாள் துண்டு போதும். 1915இல் பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமான் விவரித்த சோதனை இது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே தாளைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் இழுங்கள். கட்டைவிரலை உள்ளே இழுக்கும் அல்னர் தசை செயலிழந்திருந்தால் அந்தக் கட்டைவிரலின் நுனிமூட்டு சட்டென்று மடங்கும். மீடியன் நரம்பின் தசை உதவிக்கு வந்துவிட்டது! தாள் நழுவாமல்கூட இருக்கலாம். பிடியின் பலத்தைவிட மூட்டின் மடிப்பே சோதனையின் விடை. கூடவே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைப் பக்கம் குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோதிர, சுண்டு விரல்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. நரம்பு மணிக்கட்டில் கெட்டால் வளைவு அதிகம், முழங்கையில் கெட்டால் வளைவு குறைவு. மேலே கெடும்போது நுனிமூட்டை மடக்கும் தசையும் சேர்ந்து போய்விடுவதால் வளைக்க ஆள் இல்லை. வளைவு குறைவாக இருப்பதால் நோயும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் அல்னர் நரம்பு என்றால் தொழுநோயை நினைக்காமல் எழுந்திருக்கக் கூடாது. முழங்கையின் உட்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் கயிறுபோல் தடித்து, அழுத்தினால் வலித்தால், சட்டையைக் கழற்றச் சொல்லி உடலெங்கும் நிறம் மங்கிய, உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். செயலிழப்பு வந்து ஆறு மாதத்துக்குள் இருந்தால் ஸ்டீராய்டு கொடுத்து நரம்பை மீட்கும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வாரமும் முக்கியம். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் சிதைகின்றன என்று காட்டினார். அதனால் உணர்ச்சியற்ற விரலைக் கண்டுபிடித்தால் சூடான பாத்திரம், சிகரெட், பீடி பற்றிப் பேசாமல் அனுப்பாதீர்கள்.

மணிக்கட்டே தொங்கிவிட்டது என்று வந்தால் ரேடியல் நரம்பு, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்குப் போவது. இதிலும் ஒரு பொறி. "விரலை நீட்டுங்க" என்றால் நடுமூட்டும் நுனிமூட்டும் நீளும். அது பெரும்பாலும் அல்னர் நரம்பின் சிறு தசைகள் செய்யும் வேலை. மணிக்கட்டை நீங்கள் நேராகத் தாங்கிக்கொண்டு, அடிமூட்டு நிமிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிடி வலுவையும் மணிக்கட்டைத் தாங்கிய பிறகே சோதியுங்கள். தொங்கும் மணிக்கட்டில் யாருக்கும் பிடி இருக்காது; தாங்காமல் சோதித்தால் மூன்று நரம்புகளும் கெட்டதாகத் தோன்றும். மணிக்கட்டு நிமிர்கிறது, ஆனால் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது, விரல்கள் நிமிரவில்லை, மரமரப்பும் இல்லை என்றால் முழங்கைக்குக் கீழே உள்ள கிளை மட்டும் கெட்டிருக்கிறது.

"கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்குது"

விழுந்தாரா இல்லையா என்று முதலில் கேளுங்கள்.

விழுந்தார் என்றால், டூவீலரிலிருந்து கையை ஊன்றி விழுந்த இளைஞர் என்றால் இன்னும் உறுதியாக, ஸ்கேஃபாய்டு எலும்பு (மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள சிறு எலும்பு) முறிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும்; அதுதான் ஸ்நஃப்பாக்ஸ். ஒரு விரல் நுனியால் அங்கே அழுத்துங்கள். அழுத்தினால் நல்ல கையிலும் சிலருக்குக் கொஞ்சம் வலிக்கும், அதனால் மறுகையிலும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் கையைத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பில் கட்டைவிரல் மேடு தொடங்கும் இடத்திலுள்ள சிறு எலும்பு முண்டை அழுத்துங்கள். மூன்றாவதாகக் கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி நீளவாக்கில் தள்ளுங்கள். மூன்றிலும் வலி என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் மாவுக்கட்டோ ஸ்பிளின்டோ (அசையாமல் தாங்கும் பட்டை) போட்டே அனுப்ப வேண்டும். இந்த முறிவு முதல்நாள் படத்தில் தெரியாமல் இருப்பது சகஜம். 10 முதல் 14 நாளில் மீண்டும் படம், வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரே சீட்டில் "மணிக்கட்டு" என்று மட்டும் எழுதாமல் "ஸ்கேஃபாய்டு வியூ" என்றும் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்க முனையிலிருந்து நுழைந்து பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோய், சேராமலே போகலாம். "சுளுக்கு, தைலம் தேச்சுக்கோங்க" என்று அனுப்பப்பட்ட இருபது வயதுப் பையன் சில வருடம் கழித்துத் தேய்ந்த மணிக்கட்டோடு வருவான்.

விழுந்தவருக்கு மணிக்கட்டு நன்றாக வீங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்திருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பொறுமையாகப் பாருங்கள். மணிக்கட்டின் நடுவிலுள்ள லூனேட் எலும்பு இடம்பெயர்ந்து நரம்பை அழுத்தும் நிலை நேர்ப்படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

விழவில்லை என்றால் வயதும் வேலையும் வழிகாட்டும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் இளம் தாய்க்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு விளிம்பில் வலி என்றால் டி க்வெர்வேன், அதாவது கட்டைவிரல் தசைநாண்களின் உறை தடித்து இறுகும் நோய். எல்லோரும் ஃபின்கெல்ஸ்டைன் சோதனை என்று ஒன்றைச் செய்கிறோம்: கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பது. அது உண்மையில் ஐக்காஃப் 1927இல் சொன்னது, நோயில்லாதவர்களுக்கும் வலிக்கும். ஃபின்கெல்ஸ்டைன் 1930இல் எழுதியதில் பரிசோதிப்பவர் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்துக் கையைச் சாய்ப்பார். அதைச் செய்யுங்கள், மெதுவாக, வலி தொடங்கியதும் நிறுத்தி. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு, துணி பிழியும்போதும் பாட்டில் மூடி திறக்கும்போதும் கட்டைவிரலின் அடியிலேயே வலி என்றால் அந்த மூட்டுத் தேய்மானம். கட்டைவிரல் எலும்பை அழுத்தியபடி சுழற்றினால் நறநறவென்று விரலுக்குத் தெரியும். இரண்டுக்கும் வலிக்கும் இடங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன்.

"சுண்டுவிரல் பக்கம் வலிக்குது"

நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி எழுந்திருக்கச் சொல்லுங்கள். அப்போது வலித்தால், சுண்டுவிரல் பக்க எலும்பு முனைக்கும் அதன் உட்புறம் ஓடும் தசைநாணுக்கும் நடுவிலுள்ள குழியில் அழுத்துங்கள். துல்லியமாக அங்கே வலித்தால் முக்கோணக் குருத்தெலும்பில் கிழிசல் என்று நினைக்கலாம். கிரிக்கெட், டென்னிஸ் ஆடுகிறவருக்கு உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் வலி என்றால் ஹாமேட் என்ற மணிக்கட்டு எலும்பின் கொக்கி முறிந்திருக்கலாம்; வழக்கமான எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி. கேளுங்கள்.

"கண்ணாடி கிழிச்சிடுச்சு, சின்னக் காயம்தான் டாக்டர்"

காஷுவாலிட்டியில் நான் பதறுவது இந்த "சின்னக் காயம்" என்ற சொல்லுக்குத்தான். ஒரு சென்டிமீட்டர் காயத்துக்குள் இரண்டு தசைநாண்களும் ஒரு நரம்பும் ஒரு ரத்தக்குழாயும் அறுந்து கிடக்க இடம் இருக்கிறது. அரிவாள்மனை, கண்ணாடி, பிளேடு, எதுவானாலும் மேலே தைத்துவிட்டு அனுப்பினால் பிறகு மடங்காத விரலோடு திரும்பி வருவார்கள்.

மரத்துப்போகும் ஊசி போடும் முன் உணர்ச்சியைப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட பிறகு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. விரலின் இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகத் தொடுங்கள். பேப்பர் கிளிப்பை விரித்து இரண்டு முனைகளாக்கி விரல் நுனியில் வையுங்கள். 6 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை நல்ல நரம்பு இரண்டாகப் பிரித்துச் சொல்லும். அழுகிற குழந்தையிடம் இதெல்லாம் நடக்காது. பிளாஸ்டிக் பேனாவை விரல் பக்கத்தில் லேசாக அழுத்தி இழுங்கள். வியர்வை ஈரம் உள்ள தோலில் பேனா கொஞ்சம் ஒட்டி ஒட்டி வரும். நரம்பறுந்த தோல் வியர்க்காது, அங்கே பேனா வழுக்கிக்கொண்டு போகும். விரலின் உட்பக்கக் காயத்திலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்திருந்தால் நரம்பும் அறுந்திருக்கும் என்றே கொள்ளுங்கள். விரலில் நரம்பு ரத்தக்குழாய்க்கு முன்னால் இருக்கிறது. கத்தி அதைத் தாண்டித்தான் குழாயைத் தொட்டிருக்கும். ரத்தத்தை நிறுத்த அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்கி வைத்தால் போதும். ஃபோர்செப்ஸை விட்டுத் துழாவினால் தப்பிய நரம்பையும் நசுக்கிவிடுவோம்.

அடுத்து தசைநாண்கள். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு உண்டு. நுனிமூட்டை மடக்குவது புரோஃபண்டஸ். நடுமூட்டை நீங்கள் நேராகப் பிடித்துக்கொண்டு "நுனியை மட்டும் மடக்குங்க" என்றால் அதன் கதை தெரிந்துவிடும். நடுமூட்டை மடக்குவது சூப்பர்ஃபிஷியாலிஸ்; அதைத் தனியாகப் பார்ப்பதுதான் சாமர்த்தியம். மற்ற மூன்று விரல்களின் நுனிகளையும் மேசையோடு நேராக அழுத்திப் பிடித்துவிட்டு இந்த ஒன்றை மடக்கச் சொல்லுங்கள். புரோஃபண்டஸ்கள் கீழே ஒரே தசைத் திரளைப் பகிர்ந்துகொள்வதால், மூன்றைக் கட்டிப்போட்டால் நான்காவதாலும் உதவிக்கு வர முடியாது. இப்போது நடுமூட்டு மடங்கினால் அது சூப்பர்ஃபிஷியாலிஸின் வேலையேதான். நுனிமூட்டு தளர்ந்து ஆடும். ஆள்காட்டி விரலில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், அதன் புரோஃபண்டஸ் தனியாக இயங்கக்கூடியது. சுண்டு விரலிலும் பலருக்குப் பிறவியிலேயே தனி இயக்கம் இருக்காது. மோதிர விரலையும் சேர்த்து விட்டு மடக்கச் சொல்லிப் பாருங்கள், மறுகையோடு ஒப்பிடுங்கள்.

மடங்குகிறது, ஆனால் எதிர்த்து அழுத்தினால் வலிக்கிறது என்றால் பாதி அறுந்திருக்கலாம். தைத்து அனுப்பி, நாலைந்து நாளில் அது முழுதாக அறுந்தால் பொறுப்பு நம்முடையது. மயக்கத்தில் இருப்பவருக்கும் சிறு குழந்தைக்கும் மணிக்கட்டைப் பிடித்து மேலே நிமிர்த்துங்கள்: விரல்கள் தாமாக மடங்கும், கீழே சாய்த்தால் தாமாக நீளும். அறுந்த விரல் மட்டும் இதில் கலந்துகொள்ளாது. காயத்துக்குள் வெள்ளையாக, முழுதாகத் தசைநாண் தெரிகிறது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். விரல் மடங்கியிருந்தபோது வெட்டுப்பட்டிருந்தால், இப்போது நீட்டிய விரலில் அறுந்த இடம் காயத்தைவிட்டு நகர்ந்திருக்கும். விரலை மடக்கியும் நீட்டியும் இரண்டு நிலையிலும் பாருங்கள்.

விரல் முட்டியின்மேல் சிறு காயத்தோடு வரும் இளைஞர் "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றால், சண்டையில் எதிராளியின் பல் பட்டதா என்று தனியாகக் கேளுங்கள். கையை மூடச் சொல்லிப் பரிசோதியுங்கள். குத்தியபோது கை அப்படித்தான் இருந்தது. பல் பட்ட காயத்தைத் தைத்து மூடக் கூடாது. மூட்டுக்குள் கிருமி போயிருக்கும், ஆபரேஷன் தியேட்டரில் கழுவ வேண்டியது.

தசைநாணோ நரம்போ அறுந்திருந்தால் காயத்தைக் கழுவி, தோலை மட்டும் மூடி, ஸ்பிளின்ட் வைத்துக் கை அறுவை செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். சில நாட்களுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல முடிவு கிடைக்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. பணமில்லை என்று ஒருவர் விரலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"விரல் நிமிர மாட்டேங்குது"

எந்த மூட்டு என்று பாருங்கள். நுனிமூட்டு மட்டும் தொங்கினால் மேலட். பந்து பட்டோ படுக்கை விரிப்பைச் செருகும்போதோ வந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நுனிமூட்டை நேராக ஸ்பிளின்டில் ஆறு முதல் எட்டு வாரம், குளிக்கும்போதுகூட மடங்கவிடாமல். ஒருமுறை தொங்கவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நடுமூட்டில் அடிபட்டு வீங்கியிருந்தால் எல்சன் சோதனை. மேசை விளிம்பில் நடுமூட்டைச் செங்கோணமாக மடக்கி வைத்து, நடு எலும்பின்மேல் நீங்கள் அழுத்த, அவர் நிமிர்த்தப் பார்க்கட்டும். நுனிமூட்டு தளர்வாகவே இருந்தால் நல்லது. நுனிமூட்டு விறைத்து நிமிர்ந்துகொண்டால் நடுவில் ஓடும் தசைநாண் அறுந்து, பக்க நாண்கள் அந்த வேலையைச் செய்கின்றன. விரல் கோணலாவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு இந்தச் சோதனையில் மட்டும்தான் என்பது என் அனுபவம்.

மடங்கி மாட்டிக்கொண்டு, மறுகையால் இழுத்தால் டக்கென்று திறப்பது டிரிகர் விரல். நோயாளி நடுமூட்டைக் காட்டுவார்; நோய் இருப்பது உள்ளங்கையில், விரலின் அடியில். அங்கே விரலை வைத்து மடக்கி நீட்டச் சொன்னால் ஒரு முடிச்சு ஓடுவது தெரியும். சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

மணிக்கட்டு முறிந்து, எலும்பு விலகாததால் மாவுக்கட்டோடு சரியானவர், சில வாரம் கழித்துத் திடீரெனக் கட்டைவிரல் நுனி நிமிரவில்லை என்பார். உள்ளங்கையை மேசையில் பதித்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் நீட்டும் தசைநாண் எலும்பு விளிம்பில் உரசி அறுந்துவிட்டது.

"விரல் வீங்கி விண்விண்ணுன்னு தெறிக்குது"

நகக்கண்ணில் சீழா, விரல் நுனிச் சதையிலா, தசைநாண் உறைக்குள்ளா? மூன்றாவது அன்றிரவே ஆபரேஷன் தேவைப்படும் அவசரம். கேனவெல் சொன்ன நான்கு அடையாளங்கள்: விரல் முழுவதும் சீராக வீக்கம், லேசாக மடங்கிய நிலை, உறையின் நீளம் முழுக்க அழுத்தினால் வலி, நீங்கள் நிமிர்த்தினால் உயிர்போகும் வலி. கடைசி அடையாளம்தான் பெரும்பாலும் முதலில் வரும். அதைப் பார்க்க நகத்தை மட்டும் பிடித்து மெல்ல உயர்த்துங்கள், வீங்கிய இடத்தைத் தொடாமல். சுண்டு விரலில் சீழ் இருந்தால் கட்டைவிரலையும் பாருங்கள். இரண்டின் உறைகளும் மணிக்கட்டருகே இணைந்திருக்கலாம். உள்ளங்கைச் சீழுக்குப் புறங்கைதான் வீங்கும், உள்ளங்கைத் தோல் இறுக்கமானது. புறங்கையில் கத்தி வைக்கும் முன் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள்.

மூட்டு விறைப்பும் கட்டிகளும்

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கைகளிலும் அடிமூட்டுகளும் மணிக்கட்டும் வீக்கம் என்றால் முடக்குவாதம். கைகுலுக்குவதுபோல் அடிமூட்டுகளைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினாலே முகம் சுளிப்பார்கள். நுனிமூட்டில் எலும்புபோல் கடினமான முண்டு என்றால் தேய்மானம். நுனிமூட்டு வீங்கி நகத்தில் புள்ளிப் பள்ளங்கள் இருந்தால் சோரியாசிஸைத் தேடுங்கள்.

மணிக்கட்டின் பின்புறம் உருண்டையான, டார்ச் ஒளி ஊடுருவும் கட்டி காங்லியான், பயப்பட ஒன்றுமில்லை. உள்ளங்கையிலும் மணிக்கட்டுக்கு மேலும் இரண்டு வீக்கங்கள், ஒன்றை அழுத்தினால் மற்றது எழுகிறது என்றால் காசநோய் நம் ஊரில் நினைக்க வேண்டியது. நகத்துக்கடியில் ஒரே புள்ளியில் வலி, ஐஸ் தண்ணீர் பட்டால் துடிக்கிறார் என்றால் குளோமஸ் கட்டி. குண்டூசியின் தலையால் அழுத்தி அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். வலி பல வருடமாக இருந்தும் வெளியே எதுவும் தெரியாததால் "மனசுல இருக்கிற வலி" என்று சொல்லப்பட்டவர்கள் இவர்களில் நிறைய.

"கட்டு போட்டதுக்கு அப்புறம் வலி ஜாஸ்தி ஆயிடுச்சு"

மாவுக்கட்டோ மூங்கில் பட்டை வைத்த நாட்டுக்கட்டோ, எதுவாக இருந்தாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் மற்ற வேலையை விட்டுவிட்டு வாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக நீங்கள் நிமிர்த்துங்கள். முன்கையில் தாங்க முடியாத வலி வந்தால் தசைப்பெட்டிக்குள், அதாவது தசைகளைச் சுற்றியுள்ள இறுக்கமான உறைக்குள், அழுத்தம் ஏறிவிட்டது. நாடி துடிக்கிறது, நகம் சிவப்பாக இருக்கிறது என்று சமாதானம் ஆகாதீர்கள்; நாடி கடைசியில்தான் நிற்கும். மரமரப்பும் தொடங்கியிருந்தால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் விடுபடாவிட்டால் தசை சாகும். குழந்தைக்கு அது ஆயுளுக்கும் மடங்கிய கை.

போட்டிருக்கும் கட்டு முழுவதையும் மேலிருந்து கீழ்வரை வெட்டுங்கள். மாவை மட்டும் வெட்டினால் போதாது, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். கையை இதய மட்டத்தில் வையுங்கள். மேலே தூக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். முறிந்த எலும்பு விலகிவிடுமே என்று தயங்க வேண்டாம், அதை நாளைக்கும் சரிசெய்யலாம். வெட்டிய அரைமணி நேரத்தில் மறுபடி விரலை நிமிர்த்திப் பாருங்கள். வலி அப்படியே இருந்தால் வலி ஊசி போட்டுக் காத்திருக்காமல், சர்ஜனைப் போனில் பிடித்து, ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். கட்டு வெட்டிய நேரத்தைச் சீட்டில் பெரிதாக எழுதி அனுப்புங்கள்.